வாடகை வீட்டுக்கு எந்த ஹீட்டிங்? பில் கட்டுபவரிடமிருந்து கணக்கைத் தொடங்கலாம்

குளிர் அதிகமுள்ள ஊரில் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் எவருக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வரும். தண்ணீரைக் காய்ச்சிக் குழாய்கள் வழியே அறைகளைச் சூடாக்கும் பாய்லருக்கு வயதாகிவிட்டது, சர்வீஸ் செய்ய வருபவர் ஒவ்வொரு முறையும் இன்னும் ஒரு குளிர்காலம் தாங்கும் என்று சொல்லிவிட்டுப் போகிறார், அடுத்து என்ன வைப்பது? நாம் குடியிருக்கும் வீடு என்றால் கணக்கு நேரானது. பணம் போடுவதும் நாம், குளிரில் இருப்பதும் நாம், மாதாமாதம் பில் கட்டுவதும் நாம். வாடகை வீட்டில் அப்படி இல்லை. செலவு வீட்டுக்காரருடையது, குளிரும் பில்லும் குடியிருப்பவருடையவை. வாங்கும்போது மலிவாக இருக்கும் ஹீட்டர், அதை ஓட்டுபவருக்குப் பெரும் செலவாக முடிவது இந்தப் பிரிவினால்தான்.

பில் அவருடையதுதானே, நமக்கென்ன என்று விட்டுவிடவும் முடியாது. ஹீட்டிங் செலவு கட்டுப்படியாகாதவர் என்ன செய்வார்? எல்லா அறைகளையும் அணைத்துவிட்டு ஒரே அறையில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இருப்பார். சமையல், குளியல், துணி உலர்த்தல், மூச்சு என்று வீட்டுக்குள் உண்டாகும் ஈரம் முழுவதும் குளிர்ந்து கிடக்கும் அறைகளின் சுவரில் போய்ப் படியும். வெளிச்சுவரோடு ஒட்டிப் போட்ட அலமாரியை இரண்டு குளிர்காலம் கழித்து நகர்த்திப் பாருங்கள். மூலையில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கறுப்புப் பூஞ்சை, உப்பிய பெயின்ட், விரலால் தொட்டால் உதிரும் பூச்சு. அந்தச் சுவர் உங்களுடையது. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டுதல் குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி செல்சியஸ் இருப்பது நல்லது என்கிறது. குழந்தைகளும் முதியவர்களும் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. குடியிருப்பவர் அந்த 18 டிகிரியைக் கையைக் கடிக்காமல் வைத்துக்கொள்ள முடிகிறதா என்பதுதான் எல்லா வழிகளையும் நான் நிறுத்துப் பார்க்கும் தராசு.

வீடு எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது?

எந்தக் கருவி என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது இது. சுவர், ஜன்னல், கூரை, தரை, இடுக்குகள் எல்லாமாகச் சேர்ந்து, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் குறிப்பிட்ட அளவு வெப்பம் வெளியே போகும். ஒரு வீடு டிகிரிக்கு 200 வாட் இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 20 டிகிரி, வெளியே 0 என்றால் 4,000 வாட், அதாவது 4 கிலோவாட். வெளியே மைனஸ் 5-க்கு இறங்கினால் 5 கிலோவாட். அவ்வளவுதான் அந்த வீட்டின் தேவை.

ஆனால் அதே வீட்டின் சுவரில் 24 கிலோவாட் பாய்லர் தொங்கிக்கொண்டிருக்கும். ஏன் இவ்வளவு பெரியது? அறைகளைச் சூடாக்க இல்லை, குழாயைத் திறந்ததும் வெந்நீர் கொடுக்கத்தான். நிமிடத்துக்கு 10 லிட்டர் தண்ணீரை 35 டிகிரி உயர்த்த வேண்டும் என்றால் ஏறக்குறைய 24 கிலோவாட் வேண்டும். தொட்டி இல்லாமல் ஓடும் தண்ணீரை அப்போதைக்கப்போது சூடாக்கும் பாய்லருக்கு வேறு வழி கிடையாது. இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் பாதி விஷயம் தெளிவாகிவிடும். ஹீட்டிங் தேவை வேறு, வெந்நீர்த் தேவை வேறு. பழைய பாய்லரில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அதே அளவில் ஹீட் பம்ப் (வெளிக்காற்றிலோ மண்ணிலோ உள்ள வெப்பத்தை மின்சாரத்தால் இழுத்து வீட்டுக்குள் தரும் கருவி) வேண்டும் என்று கேட்பவரும் உண்டு, அதே அளவில் விலைப்பட்டியல் கொடுப்பவரும் உண்டு. இரண்டுமே தவறு.

வெப்ப இழப்பைக் குறைக்கும் வேலை மலிவாக முடியும் என்றால் அதை முதலில் செய்துவிடுங்கள். மேல்மாடத்தில் இன்சுலேஷன் (வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் படலம்) போடுவது, கதவு ஜன்னல் இடுக்குகளை அடைப்பது, சூடில்லாத இடங்களில் ஓடும் குழாய்களுக்கு உறை போடுவது, இவற்றுக்குச் செலவு குறைவு, பலன் உடனடி. டிகிரிக்கு 200 வாட் இழந்த வீடு 150-க்கு வந்தால் எந்தக் கருவியை வைத்தாலும் ஹீட்டிங் பில்லில் ஏறக்குறைய கால்பங்கு குறையும், வைக்கும் கருவியும் சிறியதாகும். ஒரே ஒரு எச்சரிக்கை: காற்றோட்டத்துக்காக வைத்த துளைகளை இடுக்கு என்று நினைத்து அடைத்துவிடக் கூடாது. அறைக் காற்றை எடுத்து எரியும் அடுப்போ ஹீட்டரோ உள்ள வீட்டில் அது உயிருக்கே ஆபத்து.

மலிவானது: சாதாரண மின் ஹீட்டர்

சுவரில் மாட்டும் பேனல் ஹீட்டரைத்தான் வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் முதலில் பார்க்கிறார்கள். காரணம் தெரிந்ததுதான். வாங்கும் விலை குறைவு, குழாய் வேண்டாம், புகைபோக்கி வேண்டாம், சர்வீஸ் வேண்டாம், ஒன்று கெட்டால் அதை மட்டும் கழற்றி வேறொன்றை மாட்டலாம். கெடுவதற்கும் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. விற்பவர் நூறு சதவீதத் திறன் என்பார், அதுவும் உண்மைதான். ஒரு யூனிட் மின்சாரம் போட்டால் ஒரு யூனிட் வெப்பம் வரும். ஆனால் அதே ஒரு யூனிட்டுக்கு ஹீட் பம்ப் மூன்று யூனிட் வெப்பம் தருகிறது என்பதை அவர் சொல்ல மாட்டார்.

எண்ணெய் நிரப்பியது, அகச்சிவப்பு, செராமிக் என்று எத்தனை பெயரில் வந்தாலும் கணக்கு மாறாது. போட்ட மின்சாரத்துக்கு மேல் ஒரு வாட்கூட வராது. அகச்சிவப்புப் பேனலின் எதிரில் உட்கார்ந்தால் உடம்பில் சூடு உடனே தெரியும், குளியலறைக்கு அது சரி. வீடு முழுவதற்கும் அதையே நம்பினால் பில் பேனல் ஹீட்டருக்கு வருவது போலத்தான் வரும்.

இரவில் மின்கட்டணம் குறைவாக உள்ள இடங்களில் செங்கல் நிரப்பிய சேமிப்பு ஹீட்டர் கொஞ்சம் தேவலை. இரவு முழுவதும் உள்ளே இருக்கும் கற்கள் சூடேறும், பகலில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஆனால் எல்லோரும் வேலை முடிந்து வீட்டுக்கு வரும் மாலையில்தான் அந்தச் சூடு தீரும் நிலையில் இருக்கும். நாளைக்கு எவ்வளவு குளிரும் என்று இன்றிரவே ஊகித்துத் திருகியை வைக்க வேண்டும். புது மாடல்களில் இதைத் தானாகக் கணிக்கும் வசதியும், வெப்பத்தை அடக்கி வைக்கும் நல்ல உறையும், உள்ளே விசிறியும் இருப்பதால் நிலைமை தேறியிருக்கிறது. இருந்தாலும் குடியிருப்பவர் இரவுக் கட்டணத் திட்டத்தில் இல்லாவிட்டால் அத்தனையும் வீண். மின் இணைப்பு அவர் பெயரில் இருக்கிறது. எந்தத் திட்டம் என்பதும் அவர் கையில்தான்.

நல்ல இன்சுலேஷன் உள்ள ஓர் அறை வீட்டுக்கு, சுற்றிலும் மற்றவர்களின் சூடான வீடுகள் இருக்கும் நடுமாடி ஃபிளாட்டுக்கு, பேனல் ஹீட்டரை நான் மறுக்க மாட்டேன். அங்கே தேவை அவ்வளவு சிறியது. மூன்று படுக்கையறை கொண்ட பழைய தனி வீட்டில் அதை மாட்டினால், மலிவு என்ற பெயரில் ஒரு பெரிய செலவைச் சொல்லாமல் அடுத்தவர் தலையில் கட்டுவதுதான். நான் முதலில் சொன்ன பூஞ்சை வருவதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட வீடுகளில்தான்.

பழகியது: கண்டென்சிங் கேஸ் பாய்லர்

ஏற்கெனவே கேஸ் இணைப்பும் ரேடியேட்டர்களும் (வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் சுவர்த் தகடுகள்) இருக்கும் வீட்டில் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவது பெரும்பாலும் ஒருநாள் வேலை. மெக்கானிக் கிடைப்பார், உதிரிப்பாகம் கிடைக்கும், குடியிருப்பவருக்குப் புதிதாக எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிறிய வீட்டில் தொட்டிக்கு இடம் தேட வேண்டாம். இந்த நன்மைகளை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பெட்டியின் மேல் 90 சதவீதத்துக்கு மேல் திறன் என்று போட்டிருக்கும். அது ஒரு நிபந்தனையோடு வரும் எண். புகையில் இருக்கும் நீராவி திரும்பத் தண்ணீராகும்போது விடும் வெப்பத்தையும் பிடித்துக்கொள்வதால்தான் கண்டென்சிங் என்ற பெயர், அந்தத் திறன். அது நடக்க வேண்டும் என்றால் ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டுப் பாய்லருக்குத் திரும்பி வரும் தண்ணீர் ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். பாய்லரை 75, 80 டிகிரியில் வைத்துவிட்டுப் போகும் வீடுகளில் திரும்பும் தண்ணீரே 60-க்கு மேல் இருக்கும். அங்கே நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அந்த நுட்பம் வேலையே செய்யாது. வெளிநாட்டுக்குப் போயிருக்கும் வீட்டுக்காரர் திரும்பி வந்து பார்த்தால் தெரியும், பாய்லர் மாட்டிய நாளில் வைத்த 80-லேயே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். மாட்டுபவர் கிளம்புவதற்கு முன் அந்த எண்ணை 55-லிருந்து 60-க்குள் இறக்கச் சொல்லுங்கள். வெளிக்குளிரைப் பொறுத்துத் தண்ணீரின் சூட்டைத் தானே கூட்டிக் குறைக்கும் சென்சார் இருந்தால் அதையும் இணைக்கச் சொல்லுங்கள்.

பழைய குழாய்களில் தேங்கியிருக்கும் கறுப்புச் சேற்றைக் கழுவாமல் புதுப் பாய்லரை இணைப்பது அதன் ஆயுளைக் குறைக்கும். ரேடியேட்டர்களுக்குள் இரும்பு துருப்பிடித்து உண்டாகும் காந்தத்தன்மை உள்ள துகள் அது. குழாயைக் கழுவி, துரு தடுக்கும் திரவம் ஊற்றி, காந்த வடிகட்டி ஒன்றையும் வைக்க வேண்டும். மேலே சூடாகவும் அடியில் நடுப்பகுதி சில்லென்றும் இருக்கும் ரேடியேட்டர் கண்ணில் பட்டால் சேறு இருக்கிறது என்று அர்த்தம்.

பாய்லரால் வீட்டுக்காரருக்கு வரும் தனிப் பொறுப்பு கார்பன் மோனாக்சைடு. எரிபொருள் சரியாக எரியாதபோது வரும், உயிரைக் கொல்லும் நச்சு வாயு அது. நிறமில்லை, வாசனையில்லை. வருடம் ஒருமுறை தகுதியுள்ளவரைக் கொண்டு சோதிப்பதும் அலாரம் வைப்பதும் சட்டம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் செய்ய வேண்டியவை. குடியிருப்பவரிடம் முன்கூட்டியே நாள் கேட்டு, ஆளை உள்ளே விட்டு, ஒவ்வொரு வருடமும் இதைச் செய்ய உங்களுக்கு நேரம் இருக்கிறதா என்பதும் கணக்கில் வரும்.

இன்னொன்று. இன்று மாட்டும் பாய்லர் 12, 15 வருடம் ஓடும். புதைபடிவ எரிபொருள் ஹீட்டிங் மீதான விதிகள் பல நாடுகளில் இறுகிக்கொண்டே வருகின்றன; வாடகைக்கு விடும் வீட்டுக்குக் குறைந்தபட்ச ஆற்றல் தரம் கேட்கும் நாடுகளும் உண்டு. உங்கள் ஊரின் விதியைப் பார்க்காமல் பாய்லர் வாங்காதீர்கள்.

ஹீட் பம்ப்: திறன் அதிகம், கேட்பதும் அதிகம்

புதிதாக வந்த ஏதோ என்று பலர் தயங்குகிறார்கள். இயற்பியலாளர் கெல்வின் பிரபு இதன் தத்துவத்தை 1852-லேயே எழுதிவிட்டார். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர மண்டபத்தை ஆற்று நீரிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப் 1938-லேயே சூடாக்கத் தொடங்கியது. குளிருக்குப் பெயர்போன நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து மூன்றும்தான் ஐரோப்பாவில் வீட்டு எண்ணிக்கைக்கு ஏற்ப ஹீட் பம்ப் அதிகமுள்ள நாடுகள். ஆகவே குளிரில் வேலை செய்யாது என்பதை விட்டுவிடலாம். குளிர் கூடக் கூடத் திறன் குறையும் என்பது சரி. அதைச் சேர்த்துத்தான் வருடம் முழுவதற்குமான சராசரி பார்க்கிறோம். நன்றாக அமைத்த காற்று-நீர் ஹீட் பம்ப் (வெளிக்காற்றிலிருந்து எடுத்த வெப்பத்தை ரேடியேட்டர் தண்ணீருக்குத் தருவது) ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக மூன்று யூனிட், சில இடங்களில் அதற்கும் மேல் தரும். மோசமாக அமைத்தது இரண்டோடு நின்றுவிடும். வித்தியாசம் பெரும்பாலும் கம்பெனியில் இல்லை, அமைத்த கையில்.

பில் எப்படி வரும் என்று ஒரே உதாரணத்தில் பார்ப்போம். வீட்டுக்கு வருடத்துக்கு 10,000 யூனிட் வெப்பம் தேவை (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி, இங்கே கேஸுக்கும் அதே அளவுதான்). 90 சதவீதத் திறனுள்ள பாய்லர் ஏறக்குறைய 11,100 யூனிட் கேஸ் எரிக்கும். பேனல் ஹீட்டர் 10,000 யூனிட் மின்சாரம் இழுக்கும். மூன்று மடங்கு தரும் ஹீட் பம்ப் 3,300 சொச்சம். இப்போது உங்கள் ஊரில் ஒரு யூனிட் மின்சாரம் ஒரு யூனிட் கேஸைப்போல் எத்தனை மடங்கு விலை என்று பாருங்கள். இரண்டு மடங்கு என்றால் ஹீட் பம்ப் வீட்டின் பில் பாய்லர் வீட்டின் பில்லில் அறுபது சதவீதம்தான். மூன்று மடங்கு என்றால் ஹீட் பம்ப் பத்து சதவீதம் குறைவு. நான்கு மடங்கு என்றால் பாய்லர்தான் மலிவு. பேனல் ஹீட்டருக்கோ, விலை மூன்று மடங்காக இருக்கும் ஊரில் பாய்லரைவிட ஏறக்குறைய 2.7 மடங்கு பில். கேஸை வேறு எதற்கும் பயன்படுத்தாத வீடு என்றால் அந்த இணைப்பையே எடுத்துவிடலாம். மாதாந்திர நிலைக்கட்டணமும் போய்விடும். இந்தக் கணக்கைப் போட ஒரு பழைய பில் போதும். போடாமல் ஹீட் பம்ப் எப்போதும் மிச்சம் என்பதும், எப்போதும் நஷ்டம் என்பதும் வெறும் பேச்சு.

அப்புறம் ரேடியேட்டர். ஹீட் பம்புக்கு 35 முதல் 50 டிகிரித் தண்ணீர் பிடிக்கும். சூட்டை ஏற்ற ஏற்ற அதன் திறன் விழும். ஆனால் ரேடியேட்டரின் விவரப் பட்டியலில் 1,000 வாட் என்று போட்டிருப்பது, தண்ணீரின் சராசரிச் சூடு அறையைவிட 50 டிகிரி கூடுதலாக இருக்கும்போது கிடைப்பது. அறை 20 என்றால் தண்ணீர் 70. அதே ரேடியேட்டரில் 50 டிகிரித் தண்ணீர் ஓடினால் 500 வாட்டை ஒட்டித்தான் கிடைக்கும். 40 டிகிரி என்றால் சுமார் 300. இதனால்தான் பாய்லரைக் கழற்றி அந்த இடத்தில் ஹீட் பம்பை இணைத்துவிட்டு வீடு சூடாகவில்லை என்று புகார் வருகிறது. எல்லா ரேடியேட்டரையும் மாற்ற வேண்டும் என்றும் இல்லை. பழைய வீடுகளில் தேவைக்கு மேல் பெரியதாகப் போட்டிருப்பார்கள், இன்சுலேஷன் போட்ட பிறகு அவை இன்னும் பெரியதாகத் தெரியும். இரண்டு மூன்று அறைகளில் மட்டும் இரட்டைத் தகடு உள்ளதாக மாற்றினால் போதும் என்ற வீடுகள் நிறைய.

இதைக் காசு செலவில்லாமல் சோதிக்க முடியும். நல்ல குளிர் உள்ள வாரத்தில், குடியிருப்பவரின் சம்மதத்தோடு, இருக்கும் பாய்லரின் தண்ணீர்ச் சூட்டை 50-க்கு இறக்கி, ஹீட்டிங்கை அணைக்காமல் தொடர்ந்து ஓட விடுங்கள். இரண்டு நாளும் எல்லா அறையும் வேண்டிய சூட்டில் நின்றால் அந்த வீடு ஹீட் பம்புக்குத் தயார். ஓர் அறை மட்டும் தேறவில்லை என்றால் மாற்ற வேண்டிய ரேடியேட்டர் எது என்று தெரிந்துவிட்டது. வெந்நீருக்குத் தனித் தொட்டி இருந்தால் அதன் சூட்டை மட்டும் இறக்க வேண்டாம். லெஜியோனெல்லா கிருமி வளராமல் இருக்க தொட்டியில் 60 டிகிரி தேவை.

தொட்டி என்றதும் நினைவுக்கு வருவது இடம். 6 கிலோவாட் ஹீட் பம்ப் குழாயைத் திறந்ததும் ஓடும் தண்ணீரைச் சூடாக்காது. 200 லிட்டர் தொட்டி ஒன்றை 10 டிகிரியிலிருந்து 50-க்கு ஏற்ற அதற்கு ஒன்றரை மணி நேரம் போல ஆகும். தொட்டியை எங்கே வைப்பது? சிறிய ஃபிளாட்டில் அது ஓர் அலமாரியை எடுத்துக்கொள்ளும், குடியிருப்பவருக்கு அந்த அலமாரி முக்கியம். வெளி யூனிட்டை எங்கே வைப்பது? பக்கத்து வீட்டின் படுக்கையறை ஜன்னலுக்கு எதிரே வைத்தால் பிரச்சினை வரும். அடுக்குமாடி என்றால் சங்கத்தின் அனுமதி வேண்டும். உரிமையாளருக்குக் கிடைக்கும் அரசு மானியம் வாடகை வீட்டுக்கும் உண்டா என்பதையும் விண்ணப்பிக்கும் முன் கேட்டுவிட வேண்டும். வேலை முடிந்த பிறகு கேட்டால் பல இடங்களில் கிடைக்காது.

இவ்வளவும் இருந்தும், தோட்டமோ பக்கவாட்டு இடமோ உள்ள தனி வீட்டுக்கு, சோதனையில் தேறினால், என் முதல் தேர்வு இதுதான். ஆர்290 என்ற புரொப்பேன் வாயுவில் ஓடும் புது வகைகள் 70 டிகிரி வரை தண்ணீர் கொடுக்கும் என்பதால் ரேடியேட்டர் பயமும் குறைந்துவிட்டது. ஆனாலும் 70-ல் ஓட்டினால் திறன் விழும், அந்த வசதியைக் கடுங்குளிர் நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

மண்ணுக்கடியில் குழாய் பதிக்கும் ஹீட் பம்ப் தனியொரு வாடகை வீட்டுக்கு அரிதாகவே கட்டுப்படியாகும். ஒரு கட்டடம் முழுவதும் உங்களுடையது என்றால் மட்டும் விலை கேட்டுப் பாருங்கள். தரைக்கடி ஹீட்டிங்கும் அப்படித்தான், வேறு காரணத்துக்காகத் தரையைப் பெயர்க்கும்போது மட்டும் யோசிக்கலாம்.

யாரும் கவனிக்காத நடுவழி: சூடும் தரும் ஸ்பிளிட் ஏசி

கேஸ் இணைப்பும் ரேடியேட்டரும் இல்லாத, இதுவரை பேனல் ஹீட்டரில் ஓடிய ஒன்றிரண்டு அறை வீடுகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஸ்பிளிட் ஏசியும் ஒரு ஹீட் பம்ப்தான், காற்றை நேரடியாகச் சூடாக்குகிறது என்பது மட்டும் வித்தியாசம். குழாய் வேலை கிடையாது. சுவரில் ஒரு துளை, வெளியே ஒரு யூனிட், ஒரு நாளில் முடியும். மின்சாரச் செலவு பேனல் ஹீட்டரில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வரும், கோடையில் குளிரும் கிடைக்கும். குளிர்காலக் கடுமைக்கு ஏற்ற மாடல்தானா என்று மட்டும் கேட்டு வாங்க வேண்டும். கோடைக்கென்றே செய்த மலிவு மாடல்கள் உறைநிலைக்குக் கீழே திணறும்.

குறைகளும் உண்டு. வெந்நீர் தராது, அதற்குத் தனியாக ஹீட்டர் வேண்டும். கதவு மூடிய படுக்கையறைக்குக் கூடத்து யூனிட்டின் சூடு போகாது, ஆகவே அங்கே இன்னொரு யூனிட்டோ சிறிய பேனல் ஹீட்டரோ வைக்க வேண்டியிருக்கும். காற்று வீசுவது சிலருக்குப் பிடிக்காது. வடிகட்டியைக் குடியிருப்பவர்தான் சில வாரங்களுக்கு ஒருமுறை கழற்றித் தூசி தட்ட வேண்டும். கையொப்பம் வாங்கும் நாளிலேயே அதை அவர் கையாலேயே ஒருமுறை கழற்றிக் காட்டச் சொல்லிவிட்டால் பிறகு செய்வார்.

ஓட்டப்போவது யார்?

வீட்டுக்காரர்கள் மறப்பது இதைத்தான். சொந்த வீட்டில் கருவியோடு பழக வருடங்கள் கிடைக்கும். வாடகை வீட்டில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புது ஆள் வருவார். அவர் வளர்ந்த வீட்டில் எப்படி ஓட்டினார்களோ அப்படித்தான் இதையும் ஓட்டுவார். வேலைக்குப் போகும்போது அணைப்பார், வந்ததும் சீக்கிரம் சூடாகட்டும் என்று 28-ல் வைப்பார். பாய்லர் அதைப் பொறுத்துக்கொள்ளும். தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் அப்படி ஓட்டினால் சூடாகவும் நேரமாகும், பில்லும் ஏறும். ஒரே அளவில் விட்டுவிட்டு இரவில் ஒன்றிரண்டு டிகிரி குறைத்தால் போதும் என்பதை யாராவது சொல்ல வேண்டும். கடுங்குளிரில் வெளி யூனிட்டின் மேல் படியும் பனியை உருக்க அது சில நிமிடம் திசைமாறி ஓடும், அப்போது வெள்ளை ஆவி கிளம்பும். தெரியாதவர் தீப்பிடித்துவிட்டது என்று நினைப்பார். ஒரு பக்கத்தில், அவர் படிக்கும் மொழியில், படத்தோடு இவற்றை எழுதி, வீட்டின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

தெர்மோஸ்டாட் எளியதாக இருக்கட்டும். செயலியும் கணக்கும் கடவுச்சொல்லும் கேட்கும் வகையை வாடகை வீட்டில் நான் வைக்கச் சொல்ல மாட்டேன். முன்பு இருந்தவரின் கைப்பேசியில் கணக்கு போய்விடும், புதியவர் குளிரில் நிற்பார். அதைவிட முக்கியமாக, வீட்டுக்காரர் வெளியூரிலிருந்து அடுத்தவர் வீட்டின் சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ, அவர் எப்போது வீட்டில் இருக்கிறார் என்று பார்க்கவோ முடிவது சரியில்லை. ஒரு திருகி, ஒரு எண், ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் தனி வால்வு. போதும்.

ஹீட்டிங் செலவு வாடகையோடு சேர்ந்திருக்கும் வீடுகளில் கணக்கு திரும்பும். அங்கே திறன் கூடினால் மிச்சம் நேரடியாக உங்களுக்கு, ஜன்னலைத் திறந்துபோட்டு ஹீட்டரை ஓட்டினால் நஷ்டமும் உங்களுக்கு. இப்படிப்பட்ட வீட்டில் ஹீட் பம்புக்குப் போட்ட பணம் சீக்கிரம் திரும்பும். பில் தனியாக உள்ள வீட்டில் திரும்ப வருவது வேறு வடிவத்தில்: காலி இல்லாத மாதங்கள், பூஞ்சைக்குப் பூச்சு வேலை இல்லாத வருடங்கள், விற்கும்போது ஆற்றல் சான்றிதழில் ஏறிய தரம். இதை முன்னிட்டு வாடகையைக் கொஞ்சம் உயர்த்தலாமா? சட்டம் இடம் கொடுத்தால் உயர்த்தலாம், ஆனால் வாடகையும் ஹீட்டிங் பில்லும் சேர்ந்த மொத்தம் அவருக்கு முன்பைவிடக் கூடக் கூடாது. அந்தக் கோட்டைத் தாண்டினால் நாம் செய்தது அவருக்கான மேம்பாடு ஆகாது.

எப்போது செய்வது என்பதும் பாதி முடிவு. பாய்லர் நடுக்குளிரில் நின்றுவிட்டால் தேர்வு என்று ஒன்றும் மிஞ்சாது. குடியிருப்பவர் குளிரில் இருக்கும்போது வெப்ப இழப்பைக் கணக்கிட்டுக்கொண்டிருக்க முடியாது, கடையில் இருக்கும் பாய்லரை மாட்டிவிடுவார்கள். பாய்லர் பத்து வயதைத் தாண்டியதும் குறைந்த சூட்டுச் சோதனையைச் செய்து, விலை கேட்டு, மானிய விதி பார்த்து வைத்துவிடுங்கள். வேலையைக் கோடையிலோ ஒருவர் காலி செய்து அடுத்தவர் வருவதற்கு முன்னாலோ வைத்துக்கொள்ளலாம். ஆள் இருக்கும்போதே செய்ய வேண்டி வந்தால் எத்தனை நாள் வெந்நீர் இருக்காது என்பதைச் சரியாகச் சொல்லி, அந்த நாட்களுக்கு மாற்று ஹீட்டர் கொடுத்து, வாடகையிலும் கழித்துக்கொள்ளுங்கள்.

விலைப்பட்டியல் கேட்கும்போது மொத்தத் தொகையை மட்டும் பார்க்காமல் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: ஒவ்வோர் அறையின் வெப்ப இழப்பு எத்தனை வாட், கடுங்குளிர் நாளில் தண்ணீர் எத்தனை டிகிரியில் ஓடும்படி அமைக்கிறார்கள், குளிர்காலத்தில் கெட்டால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார். முதல் இரண்டையும் வீட்டைச் சுற்றிப் பார்த்து அளக்காமல் யாராலும் எழுத முடியாது. அளக்காமல் தொலைபேசியிலேயே விலை சொல்பவரை, எவ்வளவு மலிவாகச் சொன்னாலும், பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். மூன்றாவதற்கான எண்ணைக் குடியிருப்பவரிடமே நேரடியாகக் கொடுத்துவிடுங்கள், இரவு பதினொரு மணிக்கு ஹீட்டிங் நின்றால் அவர் முதலில் உங்களைத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை.